வண்டிக் கருப்பணசாமி ஒருத்தரே எத்தனை பேரைத்தான் காப்பாத்துவாரு?



இன்னைக்கு மீம் இல்லை, போஸ்டர் இல்லை, அடுத்த கட்சிக்காரங்களுக்குப் பதிலடியும் இல்லை. வேடசந்தூர் தொகுதி ஐ.டி. விங்ல வேலை பாக்கிற ஒரு தம்பி எழுதுறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனா ராத்திரியில பைக் ஓட்டுற யாரா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

போன மார்கழி. எங்க சித்தப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். ஷிஃப்ட் முடிஞ்சு நடுராத்திரி எக்ஸெல் வண்டியில வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாரு. மெயின் ரோட்டை விட்டு எங்க ஊர் ரோட்டுக்குத் திரும்பி ஒரு கிலோமீட்டர்கூட வரலை. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம். திடீர்னு ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாஞ்சிருச்சு. பிரேக்ல கை வைக்கிறதுக்குள்ள மோதியாச்சு.

காரை எலும்பு முறிஞ்சது, தாடையில தையல், நாலு மாசம் வேலை இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? "வண்டியில் இருந்து தானாகத் தவறி விழுந்தது." பன்றிங்கிற வார்த்தையே அதுல இல்லை. வண்டிக்கு இருந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். பன்றிமேல கேஸ் போட முடியுமா? ஒரு ரூபா வரலை. சித்தி வீட்டுல இருந்த நகையை அடகு வெச்சாங்க.

சித்தப்பாவைப் பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "நேரம் சரியில்லை, அவ்வளவுதான். கருப்பணசாமி புண்ணியத்துல உசிரு மிஞ்சுச்சு."

நான் சாமி கும்பிடுறவன்தான். அய்யலூர் வண்டிக் கருப்பணசாமி கோயில்ல நின்னு கும்பிடாம எங்க வீட்டு வண்டி எதுவும் அந்த ரோட்டைத் தாண்டினது கிடையாது. ஆனா இன்ஜினியரிங் படிச்ச புத்தி ஒண்ணு இருக்கே, அது சும்மா இருக்க மாட்டேங்குது. "நேரம் சரியில்லை"ன்னு சொல்லிட்டுப் போறது சரியா? இல்லை, அந்த ரோட்டுல ஏதோ சரியில்லையா?

இதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட பேசப் போறேன். காட்டு விலங்கு ரோட்டைக் கடக்கும்போது நடக்கிற விபத்து விதி கிடையாது. ரோடு போட்டவங்க யோசிக்காம விட்ட விஷயம் அது. விதியை மாத்த முடியாது, ரோட்டை மாத்த முடியும்.

*கணக்கு என்ன சொல்லுது?*

ஒரு பொருள் குறுக்கே வர்றதைக் கண்ணு பாத்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, கை பிரேக்கைப் பிடிக்க சராசரியா ஒன்றரை வினாடி ஆகும். அதுவரைக்கும் வண்டி அதே வேகத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்கப்புறம்தான் பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்குது. காய்ஞ்ச தார் ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்னு வெச்சுக்கிட்டாலே வண்டி நிக்க ஆகுற தூரம் இவ்வளவு:

👉 40 கி.மீ. வேகம்: சுமார் 26 மீட்டர்
👉 60 கி.மீ. வேகம்: சுமார் 45 மீட்டர்
👉 80 கி.மீ. வேகம்: சுமார் 70 மீட்டர்

லோ பீம்ல நம்ம பைக் லைட்டு தெளிவா காட்டுறது முப்பது, நாப்பது மீட்டர்தான். அப்போ 60-க்கு மேல போறப்ப, லைட்டு வெளிச்சத்துல ஒரு உருவம் தெரியுதுன்னா மோதல் முடிவாயிருச்சுன்னு அர்த்தம். மழை பேஞ்சு ரோடு ஈரமா இருந்தா கேக்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். மாடு, மான், பூனை, நரி இதுக எல்லாம் ராத்திரியில லைட்டு பட்டா கண்ணு மின்னும், கவனிச்சிருப்பீங்க. கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கிறதாலதான் அப்படி. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. உடம்பும் கறுப்பு, உயரமும் குறைச்சல், கண்ணும் மின்னாது. அதனாலதான் எங்க சித்தப்பா இன்னைக்கும் சொல்றாரு: "ரோடே எந்திரிச்சு வந்து மோதுன மாதிரி இருந்துச்சுடா தம்பி."

*விலங்கு ஏன் ரோட்டுக்கு வருது?*

"காட்டை அழிச்சாச்சு, அதான் வருது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவோம். நம்ம ஊர்ல இது அவ்வளவு சுலபம் இல்லை.

நம்ம பகுதி முழுக் காடும் இல்லை, முழுச் சமவெளியும் இல்லை. அய்யலூர், வடமதுரைப் பக்கம் கரடும் மலையும். அந்தப் பக்கம் கடவூர் மலை, இந்தப் பக்கம் சிறுமலை, கரந்தமலை. நடுவுல மானாவாரிக் காடு, முருங்கைத் தோட்டம், மக்காச்சோளம், குளம், மில்லு, ஊர். விலங்குக்கு இது எல்லாமே ஒரே இடம்தான். நாமதான் நடுவுல கோடு போட்டு வெச்சிருக்கோம்.

மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்துல பன்றி கரட்டை விட்டு இறங்கும். கோடையில மேல தண்ணி வத்திட்டா மானும் காட்டுமாடும் கண்மாயைத் தேடி வரும். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஒண்ணு எண்ணூறு கிலோவுக்கு மேலகூட இருக்கும். அது மேல மோதுனா காரே தாங்காது, எக்ஸெல் எம்மாத்திரம்?

நாமளே கூப்பிட்டு விருந்து வைக்கிறதும் நடக்குது. ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்ல ரோட்டோரமா பாருங்க. கறிக்கடைக் கழிவு, ஓட்டல் மிச்சம், கல்யாண மண்டபத்து எச்சில் இலை எல்லாம் மூட்டை மூட்டையாக் கிடக்கும். அதைத் தின்ன நாயும் பன்றியும் வருது. செத்த நாயைத் தின்ன நரி வருது. அடிபட்ட நரியைக் கொத்த வர்ற காக்காவும் பருந்தும் அடுத்த லாரியில அடிபடுது. அப்புறம் "காட்டு விலங்கு அட்டகாசம்"னு நாமளே ஸ்டேட்டஸ் போடுறோம்.

*நம்ம ஊர் தேவாங்கு கதை*

சின்ன வயசுல யாரையாவது கிண்டல் பண்ணணும்னா "ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற"ன்னு கேப்போம். அந்தத் தேவாங்குதான் இன்னைக்கு நம்ம மண்ணுக்கு இந்திய அளவுல பேர் வாங்கிக் கொடுத்திருக்கு. 2022 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச கடவூர் தேவாங்கு சரணாலயம்தான் இந்தியாவிலேயே தேவாங்குக்குன்னு அமைஞ்ச முதல் சரணாலயம். பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டம் கடவூர் தாலுகாவும், திண்டுக்கல் மாவட்டத்துல வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களும் இதுல வருது. ஆமா, நம்ம வேடசந்தூரும்தான்.

எடை ஏறக்குறைய கால் கிலோ. பகல் முழுக்க மரத்துல சுருண்டு தூங்கும், ராத்திரி எந்திரிச்சுப் பூச்சி பிடிச்சுத் தின்னும். பயிரைத் தின்னுற பூச்சியையும் பிடிக்கிறதால விவசாயிக்குச் சம்பளம் இல்லாத காவக்காரன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல முதல் அட்டவணையில இருக்கு. அதாவது புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு.

ஆனா அதுக்கு ஒரு பலவீனம் உண்டு. தேவாங்குக்குக் குரங்கு மாதிரித் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த கிளையை எட்டிப் பிடிச்சுத்தான் நகரும். கிளைக்குக் கிளை தொடர்ச்சி இருந்தா மரத்து மேலேயே எவ்வளவு தூரமும் போகும். தொடர்ச்சி அறுந்தா தரையில இறங்கித்தான் ஆகணும். தரையில அது நடக்கிற நடையைப் பாத்தா உங்களுக்கே மனசு கேக்காது.

பழைய ரோடு எப்படி இருந்துச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் புளியமரம், மேலே கிளைகள் ஒண்ணோட ஒண்ணு பின்னி, வெயிலே விழாத கூரை மாதிரி இருக்கும். நமக்கு அது நிழல். தேவாங்குக்கு அது மேம்பாலம். ரோட்டை அகலப்படுத்தினப்ப அந்த மரமெல்லாம் போச்சு. ரோடு வேணும்தான், நான் இல்லைன்னு சொல்லலை. நான் காலேஜ் போனதே அந்த ரோட்டுலதான். ஆனா நமக்கு நாலு வழிச்சாலை கொடுத்தப்ப, அதோட மேம்பாலத்தைப் பிடுங்கினோம். பதிலுக்கு ஒண்ணும் கொடுக்கலை. நடுவுல அரளிச்செடி மட்டும் வெச்சோம்.

*இதே ரோடு, இன்னொரு ஊர்ல*

நம்ம ஊர் வழியாப் போற கரூர் – திண்டுக்கல் நாலு வழிச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் போற ரோடு. பழைய நம்பர் 7.

இதே 44, மகாராஷ்டிராவுல நாக்பூர் தாண்டி மத்தியப் பிரதேச எல்லைக்குப் போற இடத்துல பெஞ்ச் புலிகள் காப்பகம் ஓரமாப் போகுது. அங்கேயும் நாலு வழியா அகலப்படுத்தத் திட்டம் போட்டாங்க. வனவிலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினாங்க. என்ன நடந்துச்சு தெரியுமா? ரோடும் வந்துச்சு, விலங்குக்குப் பாதையும் வந்துச்சு. சின்னப் பாலங்களையும் சேத்து மொத்தம் 9 இடத்துல ரோட்டைத் தூக்கிக் கட்டி, கீழே விலங்கு போக வழி விட்டாங்க. இருக்கிறதிலேயே பெருசு 750 மீட்டர் அகலம்.

"கட்டினா மட்டும் விலங்கு அந்த வழியாவா போகப் போகுது"ன்னு அப்பவும் கேட்டாங்க. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019-ல அந்தப் பாலங்களுக்கு அடியில கேமரா வெச்சுப் பாத்தது. 18 வகை விலங்கு அந்த வழியாப் போனது பதிவாச்சு. அதுல 11 புலி. பாலத்துக்கு மேல லாரி போகுது, கீழே புலி போகுது. ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை.

அதே ரோடு, அதே நம்பர், அதே அரசாங்கப் பணம். எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கம் விலங்குக்குன்னு கட்டின வழி ஒண்ணைக்கூட நான் பாத்ததில்லை.

"அது புலிப்பா, இது பன்றிதானே"ன்னு சொல்லுவீங்க. அப்போ விலை கம்மியான வழியும் இருக்கு, கேளுங்க.

🔹 வால்பாறை புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு ரோட்டுல அடிபட்டுச் செத்துக்கிட்டு இருந்துச்சு. தீயணைப்புக்குப் பயன்படுத்திக் கழிச்ச குழாயை எடுத்து, ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலமாக் கட்டினாங்க. குரங்குக அதுல ஏறிப் போகுது.

🔹 இந்தோனேசியாவுல ஜாவா தீவு. நம்ம தேவாங்குக்குப் பங்காளி முறையில ஒரு இனம் அங்கே விவசாய நிலத்துல வாழுது. தோட்டத்துக்குத் தண்ணி கொண்டு போற குழாயையே மரங்களுக்கு நடுவுல இழுத்துக் கட்டினாங்க. விவசாயிக்குத் தண்ணி, அந்த உசிருக்குப் பாலம். ஒரே குழாய், ரெண்டு வேலை.

🔹 கோயம்புத்தூர் மதுக்கரையில ரயில் மோதி யானைங்க சாகறது தொடர்கதையா இருந்துச்சு. 2024 பிப்ரவரியில இருந்து அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமரா வெச்சு, யானை தண்டவாளத்துக்குக் கிட்ட வந்தாலே ரயில்வேக்குத் தகவல் போற ஏற்பாடு நடக்குது. தண்டவாளத்துக்கு அடியில யானை போக சுரங்கப்பாதையும் கட்டியிருக்காங்க.

அறிவு இருக்கு, ஆளு இருக்கு, தமிழ்நாட்டுலேயே செஞ்சு காட்டின உதாரணமும் இருக்கு. நம்ம ஊர்ல கேக்கத்தான் ஆள் இல்லை.

*"ராத்திரி ரோட்டை மூடிரலாமே?"*

சில நண்பர்கள் இப்படிச் சொல்றாங்க. பந்திப்பூர் காட்டு வழியில 2009-ல இருந்தே ராத்திரித் தடை இருக்கு. சத்தியமங்கலம் காட்டுல பண்ணாரி – திம்பம் ரோட்டுல சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10-ல இருந்து ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தினாங்க. அங்கே மலைமேல இருக்கிற ஜனங்க காய்கறி ஏத்திப் போக முடியாம, ஆஸ்பத்திரிக்கு என்ன பண்றதுன்னு தெரியாம ரோட்டுல உக்காந்து போராடினாங்க. அப்புறம் நீதிமன்றமே நேரத்துல தளர்வு கொடுத்துச்சு.

புலிகள் காப்பகத்துக்கு நடுவுல போற மலை ரோட்டுக்கு அது சரியான முடிவா இருக்கலாம். நம்ம ஊருக்கு அது சரிப்படாது. ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் ஏத்திப் போற மில்லு பஸ் இருக்கு. அய்யலூர்ல இருந்து கிளம்புற தக்காளி வண்டி இருக்கு. வியாழக்கிழமைச் சந்தைக்கு விடியக்காலையில ஆடு ஏத்தி வர்ற வண்டி இருக்கு. ரோட்டை மூடினா முதல்ல அடிபடுறது எங்க சித்தப்பா மாதிரி கூலிக்காரங்கதான். அதனால நாம கேக்க வேண்டியது தடை இல்லை. பாதுகாப்பான ரோடு.

இன்னொரு கூட்டம், "பன்றியைச் சுட்டுத் தள்ளினா எல்லாம் சரியாயிரும்"னு சொல்லுது. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால விளைநிலத்துக்கு வர்ற பன்றியை வனத்துறை ஆளுங்க சுடலாம்னு 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. பயிர் போன விவசாயியோட வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும், எங்க தோட்டத்துலயும் பன்றி புகுந்திருக்கு. ஆனா அது பயிருக்கான தீர்வு, ரோட்டுக்கான தீர்வு இல்லை. பன்றி போனா மான் வரும், மாடு வரும், மயில் பறந்து வந்து ஹெல்மெட்டுல மோதும். விளைச்சலும் தண்ணியும் ஒரு பக்கம், கரடு இன்னொரு பக்கம், நடுவுல ரோடுன்னு இருக்கிற வரைக்கும் ஏதாவது ஒண்ணு கடந்துக்கிட்டேதான் இருக்கும்.

"மனுசனுக்கே ஒழுங்கா ரோடு இல்லை, தேவாங்குக்குப் பாலமா?" இந்தக் கமெண்ட் கண்டிப்பா வரும். வரட்டும். அவருக்கு என் பதில் இதுதான்: அண்ணே, மோதல்னா ரெண்டு பக்கமும் அடி. விலங்கு ரோட்டுக்கு வராம இருக்க வழி பண்ணினா, அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு முழுசாப் போய்ச் சேர்றது நீங்கதான்.

*நாம கேக்க வேண்டியது என்ன?*

எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் கேக்க வேண்டிய விஷயம் இது. நம்ம கட்சியே ஆட்சியில இருந்தாலும் கேக்கணும்.

1️⃣ எந்த இடத்துல விலங்கு கடக்குதுன்னு ஒரு கணக்கு வேணும். ஆட்சியர் தலைமையில மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு கூடுது. அந்தக் கூட்டத்துல ஒவ்வொரு தடவையும் இதை ஒரு பொருளா வைக்கணும். வனத்துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி நாலு பேரும் சேந்து ரோட்டுல நடந்து பாக்கணும்.

2️⃣ ரோட்டுக்கு அடியில ஏற்கெனவே சின்னப் பாலம், தண்ணி போற குழாய்ப் பாலம் எத்தனையோ இருக்கு. பாதி அடைச்சுக் கிடக்கு, கட்டட இடிபாடு, பிளாஸ்டிக், சீமைக்கருவேலம். அதைச் சுத்தம் பண்ணி, தண்ணி ஓடும்போதும் ஓரமா நடக்க ஒரு திட்டு விட்டாலே நரி, முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் அது வழியாப் போயிரும். புதுசா ஒண்ணும் கட்டத் தேவையில்லை.

3️⃣ சரணாலயத்தை ஒட்டின கிராம ரோடுகள்ல தேவாங்கு கடக்கிற இடமாப் பாத்து மரத்துக்கு மரம் கயித்துப் பாலம். இனிமே எந்த ரோட்டை அகலப்படுத்தினாலும், மரம் வெட்டுறதுக்கு முன்னாடி மேலே கிளைத் தொடர்ச்சி எங்கே இருக்குன்னு பாத்துட்டு வெட்டணும்.

4️⃣ மான் படம் போட்ட மஞ்சள் போர்டு மட்டும் போதாது. அந்தப் போர்டைப் பாத்து யாரும் வேகத்தைக் குறைக்கிறது இல்லை, நானும் குறைச்சதில்லை. விலங்கு கடக்கிற அந்த ஐநூறு மீட்டர்ல வண்டியைக் குலுக்குற வரிக்கோடு போடுங்க, ராத்திரி வேக வரம்பு வையுங்க.

5️⃣ பன்றி கடக்கிற இடத்துல ரோட்டோரப் புதரை அஞ்சு மீட்டருக்கு வெட்டி விட்டா தூரத்துலயே தெரியும். தேவாங்கு இருக்கிற இடத்துல அதே புதரையும் வேலியையும் தொடவே கூடாது. எந்த இடத்துல எதுன்னு தெரியத்தான் முதல்ல சொன்ன கணக்கு வேணும்.

6️⃣ ரோட்டோரம் கறிக்கழிவு கொட்டுறதை நிறுத்தணும். இதுக்கு டெல்லிக்கு மனு போட வேண்டாம், நம்ம பேரூராட்சியும் ஊராட்சியும் நினைச்சாப் போதும்.

7️⃣ விபத்துப் பதிவுல காரணம் "காட்டு விலங்கு"ன்னா அப்படியே எழுதணும். தானா விழுந்தான்னு எழுதுற வரைக்கும், கணக்குல இந்தப் பிரச்சினையே இருக்காது. கணக்குல இல்லாததுக்கு யாரும் நிதி ஒதுக்க மாட்டாங்க.

*நாம செய்ய வேண்டியது என்ன?*

கேக்கிறது மட்டும் கட்சி வேலை இல்லை, தோழர்களே. முதல்ல நம்ம வீட்டை ஒழுங்கு பண்ணுவோம்.

மாநாடு, பொதுக்கூட்டம் முடிஞ்சு ராத்திரியில வேன்ல கொடி கட்டி, பாட்டுப் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டு வர்றோம்ல, அதை நிறுத்துவோம். அய்யலூர் கணவாய்ப் பக்கமும், கரட்டோர ஊர் ரோட்டுலயும் 40-ஐத் தாண்ட வேண்டாம். அந்த மீட்டர் கணக்கை மேலே சொன்னேன்ல, அதுக்காகத்தான்.

📌 எதிர்ல வண்டி இல்லாதப்ப ஹை பீம் போடுங்க. ஒரு விலங்கு கடந்தா உடனே வேகம் எடுக்காதீங்க, பின்னாடியே குட்டி வரும். பன்றியும் மானும் பெரும்பாலும் கூட்டமாத்தான் வரும்.

📌 குறுக்கே வந்துட்டா, நேரா பிரேக் பிடிங்க. சட்டுன்னு ஹேண்டிலை ஒடிச்சீங்கன்னா விலங்கு தப்பிக்கும், நீங்க எதிர் லாரியில போய் மாட்டுவீங்க.

📌 இன்சூரன்ஸ் பேப்பரை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா, விலங்கு மோதின வண்டிச் செலவுக்கு ஒண்ணும் வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தா வரும். வண்டி ஓனர் ஓட்டும்போது உசிரு போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 15 லட்சம் ரூபா கவர் கட்டாயமா இருக்கணும், உங்க பாலிசியில அது இருக்கான்னு பாருங்க.

📌 தேசிய நெடுஞ்சாலையில விபத்துன்னா 1033. ஆம்புலன்ஸ் 108. இந்த ரெண்டு நம்பரையும் உங்க கிளை வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணி வையுங்க.

📌 அடிபட்டுக் கிடக்கிற பன்றியையோ, முயலையோ, மயிலையோ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. செத்துக் கிடந்தாலும் சட்டப்படி குத்தம். வனத்துறைக்குச் சொல்லுங்க.

📌 தேவாங்கைப் பாத்தா போட்டோ எடுத்து இடத்தோட போடாதீங்க. மாந்திரீகம், ஜோசியம்னு அதைப் பிடிச்சு விக்கிற கும்பல் இன்னும் இருக்கு. லைக்குக்கு ஆசைப்பட்டு அவங்களுக்கு வழி காட்டாதீங்க.

இதோட ஒரு வேலை. வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை, அய்யலூர் பகுதித் தோழர்கள் எல்லாரும், ரோட்டுல அடிபட்ட விலங்கைப் பாத்தா நாலே விஷயம் குறிச்சு வையுங்க: என்ன விலங்கு, எந்தத் தேதி, எத்தனை மணி, பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லு நம்பர். அவ்வளவுதான். ரத்தம் தெரியிற போட்டோ வேண்டாம், கட்சிக் கொடி வேண்டாம், செல்ஃபி வேண்டாம். வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் குறிங்க, ஓட்டிக்கிட்டே வேண்டாம். இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்புங்க. ஆறு மாசத்துக் கணக்கை நான் உக்காந்து மேப்ல ஏத்துறேன். எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவுல பிரச்சினைன்னு தெரிஞ்சுரும். அந்த மேப்போட நம்ம பொறுப்பாளர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனா, "சும்மா அரசியல் பண்றீங்க"ன்னு யாராலும் சொல்ல முடியாது.

நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுவரைக்கும் போஸ்டர் டிசைன் பண்ணினதுதான் மிச்சம். இந்த மேப்பாவது உருப்படியான வேலையா இருக்கட்டும்.

சித்தப்பா இப்போ மறுபடியும் வேலைக்குப் போறாரு. வலது கையை முழுசாத் தூக்க முடியலை, அதனால ஃபிட்டர் வேலை இல்லை, வேற வேலை கொடுத்திருக்காங்க. சம்பளம் குறைச்சல். ராத்திரி அவர் வர்ற வரைக்கும் சித்தி வாசல்லயே உக்காந்திருக்காங்க. பழகின வண்டிச் சத்தம் கேட்டதும்தான் உள்ளே போய் அடுப்பைப் பத்த வைக்கிறாங்க.

இந்த மாதிரி வாசல்ல உக்காந்திருக்கிற அம்மா, அக்கா, சித்தி நம்ம தொகுதியில எத்தனை பேருன்னு யோசிச்சுப் பாருங்க.

கருப்பணசாமி அவரால முடிஞ்சதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. மிச்சத்தை நாம பாப்போம்.

படிச்சவங்க ஷேர் பண்ணுங்க. ராத்திரி ஷிஃப்டுக்குப் போற ஒருத்தருக்காவது அனுப்புங்க. 🙏

#விலங்குக்கும்_வழி_மனுசனுக்கும்_உயிர்
#வேடசந்தூர்
#தேவாங்குக்குப்_பாலம்
#பாத்துப்_போங்க_தோழர்களே